மின்னலுக்கும் மின்பாதைக்கும் இடையே உள்ள மண்

மின்சாரத்தைப் பற்றிக் கற்கத் தொடங்கும் மாணவனுக்கு ஆரம்பத்திலேயே போதிக்கப்படும் செய்திகளுள் ஒன்று, பூமியின் மின்னழுத்தம் சுழி என்பது. சுற்றுப்படத்தின் அடியில் மூன்று சிறு கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறுக்கிக்கொண்டே வரைந்துவிட்டால் மின்னோட்டத்தின் யாத்திரை அங்கே முடிந்துவிட்டது என்றும், அதற்கப்பால் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை என்றும் அவன் மனத்தில் பதிந்துவிடுகிறது. வீட்டு விளக்குக்கும் ஆலை இயந்திரத்துக்கும் வரும் சாமானியமான மின்னோட்டத்தைப் பொறுத்தமட்டில் இந்த எளிமை பெரிய தீங்கு எதுவும் செய்வதில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் மலையும் காடும் வயலும் கடந்து செல்லும் உயரழுத்த மின்பாதை ஒன்றின்மேல் மின்னல் விழுகிற அந்தச் சில மைக்ரோ விநாடிகளில், கோபுரத்தின் காலடி மண் பல லட்சம் வோல்ட்டுக்கு உயர்ந்து, தன்மேல் நிற்கும் இரும்புச் சட்டம் முழுவதையும் உடன் உயர்த்திவிடுகிறது. அப்போது எந்தக் கோபுரத்தில் இன்சுலேட்டர் சரம் தாங்கும், எந்தக் கோபுரத்தில் தீப்பொறி தாவும் என்பதைத் தீர்மானிப்பதில் கம்பிக்கும் பீங்கானுக்கும் உள்ள பங்கு எவ்வளவோ, அவ்வளவு பங்கு மண்ணுக்கும் உண்டு. கம்பியைப் போல, கோபுரத்தைப் போல, மண்ணும் மின்பாதையின் ஓர் அங்கம் என்பதும், அந்த அங்கம் மின்னோட்டத்தின் அளவுக்கும் வேகத்துக்கும் தக்கபடி தன் சுபாவத்தையே மாற்றிக்கொள்கிறது என்பதும், ஆகவே ஒரே ஓர் ஓம் கணக்கால் அதை வருணித்துவிட முடியாது என்பதும் இக்கட்டுரையில் நான் நிலைநாட்ட விரும்புபவை.

இந்த உணர்வு பொறியாளர்களுக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1920-களில் அமெரிக்காவில் மின்பாதைகள் மளமளவென்று நீண்டுகொண்டிருந்த காலத்தில், அருகே எங்கேனும் விழும் மின்னலால் கம்பிகளில் தூண்டப்படும் மின்னழுத்தமே மின்தடங்கல்களுக்கு முக்கிய காரணம் என்ற அபிப்பிராயம் பரவலாக இருந்தது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் ஃபோர்ட்டெஸ்க்யூ அந்தப் பத்தாண்டின் இறுதியில் இதை மறுத்து, உயரழுத்த மின்பாதையை நிலைகுலையச் செய்வது பெரும்பாலும் அதன்மேலேயே நேராக விழும் மின்னல்தான் என்று வாதிட்டார். அவர் வாதம் நிலைத்தது. நிலைத்ததன் பயனாக, மின்சாரக் கம்பிகளுக்கு மேலே, கோபுர உச்சியோடு உச்சியை இணைத்து எர்த் கம்பிகளை ஓடவிடும் வழக்கம் வியாபகமாயிற்று. மின்னல் அந்தக் கம்பியின்மேல் விழட்டும், கோபுரத்தின் வழியாக மண்ணுக்குள் இறங்கிப் போகட்டும் என்பதே ஏற்பாடு. ஏற்பாடு சரியானதுதான், ஆனால் நல்ல ஈரமண்ணில் நின்ற மின்பாதைகளில் அது அருமையாகப் பயன்பட, பாறை நிலத்தில் நின்ற மின்பாதைகளிலோ எர்த் கம்பி இருந்தும் தடங்கல்கள் தொடர்ந்தன. பாதுகாப்பின் பாரம் முழுவதும் கம்பியிலிருந்து மண்ணுக்கு மாறிவிட்டது என்பதை அப்போதுதான் கண்டுகொண்டார்கள்.

என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 30 மீட்டர் உயரமுள்ள கோபுரம். அடுத்த கோபுரம் 300 மீட்டர் தூரத்தில். தாங்கிச் செல்வது 110 கிலோவோல்ட் மின்பாதை. உச்சியில் மின்னல் விழுகிறது. அந்த மின்னோட்டம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், சுவிட்சர்லாந்தில் லுகானோ நகரத்தை ஒட்டிய சான் சால்வத்தோரே மலையின்மேல் 1943 முதல் பல ஆண்டுகள் பொறுமையோடு மின்னலை அளந்த கார்ல் பெர்கரின் முடிவுகளையே உலகம் இன்றும் பிரமாணமாகக் கொள்கிறது. மேகத்திலிருந்து இறங்கும் எதிர்மின் மின்னலின் முதல் வீச்சு நடுத்தரமாக 30 கிலோஆம்பியர். அது உச்சத்தை எட்ட ஐந்தாறு மைக்ரோ விநாடி பிடிக்கிறது. அதே தடத்தில் பின்தொடரும் வீச்சுகள் 12 கிலோஆம்பியர் அளவினவே ஆயினும், அவை ஏறத்தாழ ஒரு மைக்ரோ விநாடியிலேயே உச்சிக்குப் போய்விடுகின்றன.

உச்சியில் புகுந்த மின் அலை, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் கோபுரத்தின் வழியே இறங்கி, ஒரு மைக்ரோ விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடித்தளத்தைத் தொட்டுவிடுகிறது. அங்கே மண் தடை குறைந்ததாக இருந்தால், எதிர்க்குறி கொண்ட ஓர் அலை மேல்நோக்கித் திரும்பி, உச்சியின் மின்னழுத்தம் மேலும் ஏறிவிடாமல் பிடித்து இழுக்கிறது. மண் தடை மிகுந்ததாக இருந்தால் அந்த நிவாரணம் கிடைப்பதில்லை. அடுத்த கோபுரத்திலிருந்து வரவேண்டிய உதவியோ, 300 மீட்டர் சென்று 300 மீட்டர் திரும்பவேண்டியிருப்பதால், இரண்டு மைக்ரோ விநாடி கழித்தே வந்து சேரும். இடைப்பட்ட காலத்தில் கோபுரம் தன் காலடி மண்ணை மட்டுமே நம்பி நிற்கிறது.

கணக்கு எளிமையானது. இருபுறமும் ஓடும் எர்த் கம்பி மின் அலைக்கு 250 ஓம் அளவான ஒரு வழியாக அமைகிறது என்று கொள்வோம். அடித்தளத் தடை 10 ஓம் என்றால் இரண்டும் சேர்ந்து 9.6 ஓம், 30 கிலோஆம்பியருக்கு உச்சி சுமார் 290 கிலோவோல்ட்டுக்கு உயரும். அடித்தளத் தடை 60 ஓம் என்றால் கூட்டுத்தடை 48 ஓமுக்கு மேல். உச்சி 1,450 கிலோவோல்ட்டுக்குப் போய்விடும். எர்த் கம்பியின் அருகில் ஓடுவதால் மின்சாரக் கம்பியும் அதில் நாலில் ஒரு பங்கு தானும் உயர்ந்துகொள்ளும் என்று கழித்துப் பார்த்தால், இன்சுலேட்டர் சரத்தின் இரு முனைகளுக்கிடையே முதல் கோபுரத்தில் 220 கிலோவோல்ட்டும், இரண்டாவதில் 1,080 கிலோவோல்ட்டுக்குச் சற்று மேலும் நிற்கின்றன. 110 கிலோவோல்ட் மின்பாதையின் மின்னல் தாங்கும் அளவு 550 கிலோவோல்ட். கோபுரத்தின் சொந்தத் தூண்டலையும் அண்டைக் கோபுரங்களின் பங்கையும் ஒதுக்கிவிட்ட தோராயமான கணக்கு இது. ஆயினும் ஒரே மின்னல், ஒரே கோபுரம், ஒரே பீங்கான் தட்டுகள் இருக்க, மண் ஒன்று மட்டும் மாறினால் முடிவே தலைகீழாகிறது என்பது இதில் தெளிவாகவே விளங்கும்.

இரண்டாவது கோபுரத்தில் நடப்பது விபரீதமான ஒன்று. மின்சாரக் கம்பியிலிருந்து கோபுரத்துக்குப் பொறி தாவுவதே நாம் சாதாரணமாக எதிர்பார்ப்பது. இங்கோ மின்னழுத்தம் ஏறிய கோபுரத்திலிருந்து கம்பியை நோக்கிப் பொறி தாவுகிறது. இதைப் பின்பாய்ச்சல் என்று சொல்லலாம். மின்னல் கடந்துபோன பின்பும் அந்தத் தீத்தடத்தின் வழியே மின்பாதையின் சொந்த மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்குமாகையால், துணைமின் நிலையத்தில் சர்க்யூட் பிரேக்கர் திறந்துகொண்டாலன்றி அது அணையாது. மறுநாள் ரோந்து செல்லும் ஊழியர் தொலைநோக்கியால் பார்க்கும்போது, பீங்கான் தட்டுகளின் மெருகில் கருகிய திட்டு ஒன்றும், கம்பிப் பிடியின் ஓரத்தில் உருகி மின்னும் சிறு வடு ஒன்றும் தெரியும். மண்ணின் குற்றம் பீங்கானின்மேல் எழுதப்பட்டிருக்கும்.

மண்ணின் இந்தக் குணத்தைக் காட்டும் அளவு மின்தடை எண். கடல்நீருக்கு அது 0.2 ஓம்-மீட்டர். சதுப்பு நிலத்திலும் ஈரக் களிமண்ணிலும் சில பத்துகள். காய்ந்த மணலில் ஆயிரத்துக்கும் மேல். உறுதியான கருங்கல் பாறையில் பல ஆயிரங்கள். மனிதன் கையாளும் பொருள்களுள் இவ்வளவு அகன்ற எல்லைக்குள், அதுவும் சில நூறு மீட்டர் நடப்பதற்குள் மாறக்கூடிய பொருள் வேறு இருப்பது அரிது. மண்ணில் மின்சாரத்தைக் கடத்துபவை பெரும்பாலும் மணல் துகள்களல்ல. துகள்களைச் சுற்றியுள்ள நீரும் அந்த நீரில் கரைந்த உப்புகளுமே கடத்துகின்றன. ஈரம் சற்று ஏறினாலும் தடை எண் சரிகிறது. ஆனால் எடையில் பதினைந்து இருபது சதவீதத்துக்குமேல் ஈரம் சேர்ந்துவிட்டால், மேலும் நீர் ஊற்றுவதால் பெரிய ஆதாயம் எதுவும் இல்லை. அதனால்தான் மழை பெய்த நாளன்று எடுத்த அளவையும் கோடையில் எடுத்த அளவையும் ஒன்றாகப் பாவிக்கக் கூடாது.

அளக்கும் முறையை 1915-இல் அமெரிக்கத் தர நிர்ணய ஸ்தாபனத்தில் பணியாற்றிய ஃபிராங்க் வென்னர் வகுத்தார். நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில், கொஞ்ச ஆழத்துக்கு அடித்து இறக்கி, வெளியே உள்ள இரண்டின் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளே உள்ள இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தத்தைப் படிக்க வேண்டும். கம்பிகளின் இடைவெளியை இரண்டு மீட்டர், நான்கு, எட்டு, பதினாறு என்று அகட்டிக்கொண்டே போனால், அளவி மேலும் மேலும் ஆழமான மண்ணின் குணத்தைச் சொல்லத் தொடங்கும். மேலே காய்ந்த சரளையும் கீழே ஈரக் களிமண்ணும் உள்ள நிலத்தில் எண்கள் இறங்கிக்கொண்டே வரும். மேலே வண்டலும் கீழே பாறையும் உள்ள இடத்தில் ஏறிக்கொண்டே போகும். கம்பி இறங்காத பாறை இடுக்கில் ஒரு செம்பு நீர் ஊற்றி அளப்பதும், கம்பியைச் சம்மட்டியால் தட்டும்போது எழும் ஓசையை வைத்தே கீழே பாறை இருக்கிறதென்று சொல்லிவிடுவதும் இந்த வேலையில் பழகியவர்களுக்குச் சாதாரணம்.

மண்ணுக்குள் இறங்கும் மின்னோட்டம் எங்கே அதிகமாகத் தடைப்படுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். திருவிழா முடிந்து ஜனங்கள் வெளியேறும்போது நெரிசல் எல்லாம் கோயில் வாசலில்தான். வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டால் கூட்டம் தானே கலைந்து போகிறது. அதுபோலவே, மண்ணில் புதைந்த அரைக்கோள வடிவ இரும்பொன்றிலிருந்து மின்னோட்டம் வெளியேறும்போது, மொத்தத் தடையில் சரிபாதி அந்த அரைக்கோளத்தின் ஆரத்துக்குச் சமமான முதல் சில அடி மண்ணிலேயே அடங்கிவிடுகிறது. ஆரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கு தீர்ந்துவிடுகிறது. கோபுரத்தின் விதியை நிர்ணயிப்பது மாவட்டத்தின் மண்ணன்று, காலைச் சுற்றியுள்ள கொஞ்ச மண்ணே.

இதுவரை சொன்னவை, மண்ணுக்கு நிலையான ஓர் எண் உண்டு என்ற அனுமானத்தின் மேல் நிற்பவை. அந்த அனுமானம் மூன்று இடங்களில் உடைகிறது. அவற்றுள் ஒன்று நமக்குப் பகை, இரண்டு நமக்கு நட்பு.

முதலில் நட்பான ஒன்று. இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் மண்ணில் மின்புலம் ஓர் எல்லையைக் கடந்தால், துகள்களுக்கிடையே உள்ள காற்று இடுக்குகள் பொறியால் நிரம்பி, அந்த மண் கிட்டத்தட்ட உலோகம்போல் கடத்தத் தொடங்குகிறது. அயனியாக்கம் எனப்படும் இது, இரும்பே பருத்துவிட்டதற்கு ஒப்பான நிலை; நெரிசல் மிகுந்த அந்த முதல் சில அடி மண் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. மீட்டருக்கு 300 முதல் 400 கிலோவோல்ட் வரை அந்த எல்லையாகப் பொறியியல் கணக்குகளில் கொள்ளப்படுகிறது. வெஸ்டிங்ஹவுஸைச் சேர்ந்த பெல்லாஸ்கி 1941-இல், மண்ணில் இறக்கிய கம்பிகளுக்குச் செயற்கை மின்னலைக் கொடுத்து, சாதாரண மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையைவிட மின்னலோட்டத்துக்கு அவை காட்டும் தடை குறைவு என்று மெய்ப்பித்தார். பின்னர் வெக் என்பவர் தந்த சூத்திரம் இன்று பொறியாளர்கள் கைக்கொள்வது. அதன்படி, 300 ஓம்-மீட்டர் மண்ணில் 30 ஓம் தடையுள்ள சிறிய நிலமின்முனை ஒன்று, 30 கிலோஆம்பியர் இறங்கும்போது சுமார் 19 ஓமாகக் குறைந்துவிடும். கேட்க இனிக்கும் செய்திதான். ஆனால் அதே 30 ஓமை 3,000 ஓம்-மீட்டர் பாறை மண்ணில் நீண்ட கம்பிகளைப் புதைத்துப் பெற்றிருந்தால், மின்னோட்டம் நெடுந்தூரத்துக்குப் பரவி இறங்குவதால் மின்புலம் அந்த எல்லையை அநேகமாக எட்டுவதே இல்லை. சூத்திரத்தின்படியே 28 ஓமுக்குக் கீழே போவதில்லை. உதவி வேண்டாத இடத்தில் தாராளமாகவும், வேண்டிய இடத்தில் கருமித்தனமாகவும் நடந்துகொள்ளும் நட்பு இது.

பகையானது தூரத்தைப் பற்றியது. பாறை நிலத்தில் அடித்தளத் தடையைக் குறைக்க, கோபுரத்தின் கால்களிலிருந்து கவுண்டர்பாய்ஸ் எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியை அரை மீட்டர் ஆழத்தில், மின்பாதையின் வழியே, பல பத்து மீட்டர் நீளத்துக்குப் புதைப்பது பழைய பரிகாரம். நிலத்தடையை அளக்கும் மெக்கர் அளவியை வைத்துப் பார்த்தால், கம்பியை நீட்ட நீட்ட ஓம் இறங்கிக்கொண்டே வரும். ஒப்பந்தக்காரரும் மேற்பார்வையாளரும் அதில் திருப்தி அடைவார்கள். மின்னல் அப்படித் திருப்தி அடைவதில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த லாயல் பியூலி 1934-இல் விளக்கியபடி, மின் அலை புகுந்த முதல் க்ஷணத்தில் எத்தனை நீளமான கம்பியும் 150 அல்லது 200 ஓமாகவே தோன்றும். அலை மண்ணுக்குள் மெதுவாகவே முன்னேறி, கம்பியின் நீளம் முழுவதும் மின்சாரம் கசியத் தொடங்கிய பின்புதான் மெக்கர் சொன்ன ஓம் கைக்கு வரும். செல்லும் வழியெல்லாம் மண்ணுக்குள் கசிந்தும் கம்பியின் தூண்டலால் தடைப்பட்டும் அலை தேய்ந்துவிடுவதால், ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு அப்பால் உள்ள கம்பி, மின்னல் உச்சத்தில் இருக்கும்போது அங்கே மின்னல் இருப்பதையே அறியாது. நல்ல மண்ணில் அந்தப் பயனுள்ள நீளம் மிகக் குறைவு. தடை மிகுந்த மண்ணில் பல பத்து மீட்டர் போகும். விரைந்து ஏறும் பின்வீச்சுகளுக்கு முதல் வீச்சைவிடவும் குறைவு. ஆகவே நூறு மீட்டர்க் கம்பி ஒன்றை ஒரே திசையில் நீட்டுவதைவிட, இருபத்தைந்து மீட்டர்க் கம்பிகள் நான்கை நாலாபக்கமும் விரிப்பது எவ்வளவோ மேல். இரும்பின் எடை ஒன்றே, பயன் ஒன்றன்று.

மூன்றாவது விஷயம் ஆராய்ச்சியாளர்களுக்கு அண்மைக் காலத்தில்தான் தெளிவாகப் பிடிபட்டது. இதிலேயே நான் அதிக நேரம் தங்க விரும்புகிறேன். மண் ஒரு கலவை. துகள், துகளைச் சுற்றிய நீர்ப்படலம், இடையில் அடைபட்ட காற்று ஆகியவை எண்ணற்ற எல்லைப் பரப்புகளில் ஒன்றையொன்று தொடுகின்றன. மின்புலம் மெல்ல மாறினால், நீரில் உள்ள அயனிகள் இந்த எல்லைகளில் முட்டிக் குவிந்து நின்றுவிடுகின்றன. மின்புலம் விரைவாகத் திசை மாறினாலோ, முட்டி நிற்பதற்கு முன்பே அவை திரும்பிவிடுவதால், மெதுவான மின்னோட்டத்துக்கு மூடியிருந்த வழிகள் விரைவான மின்னோட்டத்துக்குத் திறந்துகொள்கின்றன. இதன் விளைவாக, அதிர்வெண் ஏற ஏற மண்ணின் மின்தடை எண் குறைகிறது, மின்னைத் தேக்கும் தன்மையான விடுதிறனும் குறைகிறது. மெக்கர் அளப்பது நூறு ஹெர்ட்ஸ் அளவில். மின்னலில் அடங்கியிருப்பதோ சில பத்துக் கிலோஹெர்ட்ஸ் முதல் மெகாஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண்கள்.

இப்படி நிகழ்கிறது என்பது மின்துறைக்கு வெளியே வெகுநாளாகத் தெரிந்ததே. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்காட் 1960-களில் மண், பாறை மாதிரிகளை அளந்திருந்தார். அணுகுண்டு வெடிப்பால் எழும் மின்காந்தத் துடிப்பு நிலத்தில் எப்படிப் பாயும் என்று ஆராய்ந்த லாங்மையரும் ஸ்மித்தும் 1975-இல் ஒரு பொதுச் சூத்திரத்தையே தந்திருந்தார்கள். மின்பாதைக் கணக்குகளில் மட்டும் அது நெடுங்காலம் இடம்பெறவில்லை. சோதனைக்கூடத்தில் ஒரு பெட்டி மண்ணை அளந்து பெற்ற எண், தோண்டப்படாத இயற்கை நிலத்துக்குப் பொருந்துமா என்ற சந்தேகமே இதற்குக் காரணம், நியாயமான சந்தேகம்தான்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்த பெருமை பிரேசில் நாட்டைச் சாரும். அந்நாட்டின் தென்கிழக்கில் உள்ள மினாஸ் ஜெரைஸ் மாநிலம் மலைப்பாங்கானது, அதன் பெயரே சொல்வதுபோலச் சுரங்கங்கள் நிறைந்தது, அங்கே ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் தடை எண் கொண்ட நிலம் மிகச் சாதாரணம், மின்னலுக்கும் குறைவில்லை. தலைநகரான பெலோ ஓரிசோன்ச்சியின் அருகே மோரோ தோ கஷிம்போ என்ற குன்றின்மேல் 1985 முதல் ஒரு மின்னல் அளவீட்டு நிலையம் இயங்கிவருகிறது. அங்கே பதிவான முதல் வீச்சுகளின் நடுத்தர உச்சம் 45 கிலோஆம்பியர், அதாவது பெர்கர் சுவிஸ் மலையில் கண்டதைப்போல் ஒன்றரை மடங்கு. தடை மிகுந்த நிலம், வலிமை மிகுந்த மின்னல் என்ற இவ்விரண்டையும் ஒருங்கே சமாளிக்க வேண்டியிருந்தவர்களுக்கு மண்ணின் உண்மைச் சுபாவத்தை அறிவது ஏட்டு ஆராய்ச்சி அன்று, அன்றாடத் தேவை. சில்வேரியோ விசாக்ரோ, போர்த்தேலாவுடன் சேர்ந்து 1987-இலேயே மண் மாதிரிகளைக் கொண்டு இதை ஆராயத் தொடங்கினார். பின்னர் மினாஸ் ஜெரைஸ் கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் அவரும் ரஃபாயெல் அலீப்பியோவும், மாதிரியைப் பெட்டியில் அடைப்பதை விட்டு, நிலத்திலேயே நிலமின்முனையைப் புதைத்து, அதில் மின்துடிப்பைச் செலுத்தி, எழுந்த மின்னழுத்தத்தையும் பாய்ந்த மின்னோட்டத்தையும் அதிர்வெண் வாரியாகப் பிரித்து, பல்வேறு மண்களின் குணத்தை நேரில் நிர்ணயித்தார்கள். அம்முடிவுகள் 2012-இலும் 2014-இலும் வெளிவந்தன.

அவர்களுடைய சூத்திரம் சொல்வதைச் சில எண்களில் பார்ப்பது நல்லது. மெதுவான மின்னோட்டத்துக்கு 100 ஓம்-மீட்டராக இருக்கும் மண், 100 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 94. ஒரு மெகாஹெர்ட்ஸில் 81. வித்தியாசம் அற்பம். 1,000 ஓம்-மீட்டர் மண்ணோ 100 கிலோஹெர்ட்ஸிலேயே 730 ஆகி, ஒரு மெகாஹெர்ட்ஸில் 440-க்கு வந்துவிடுகிறது. 3,000 ஓம்-மீட்டர் மண் 100 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 1,660. ஒரு மெகாஹெர்ட்ஸில் 790, அதாவது மெக்கர் சொன்னதில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அயனியாக்கம் கைவிட்ட அதே ஏழை மண்ணுக்கு இந்தக் குணம் கைகொடுக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மண் எவ்வளவு தடை மிகுந்ததோ அவ்வளவு பெரிது இந்த உதவி. சிக்ரே என்ற சர்வதேச அமைப்பு 2019-இல் இதைத் தனி அறிக்கையாகவே வெளியிட்டு, 300 ஓம்-மீட்டருக்குக் கீழே இதைப் புறக்கணிக்கலாம் என்றும், 700-க்கு மேலே கட்டாயம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும் கருத்துத் தெரிவித்தது.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். பாறை நிலத்தில் ஒரு மின்பாதைக்கு ஆண்டுக்கு எத்தனை தடங்கல் வரும் என்று பழைய முறையில் கணித்தால் எண் பெரிதாகவே வரும். அந்தப் பயத்தில், தேவைக்கு மேல் கம்பியைப் புதைத்தும் பீங்கான் தட்டுகளைக் கூட்டியும் செலவு பெருகும். உண்மையான மண்ணைக் கணக்கில் சேர்த்தால் செலவும் குறையும், இருக்கும் பணத்தை எந்தக் கோபுரத்தில் செலவிட வேண்டும் என்பதும் தெரியும். மண்ணின் விடுதிறனையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்: சார்பு விடுதிறன் பத்தாக உள்ள மண்ணில், தடை எண் 1,800 ஓம்-மீட்டராக இருந்தால், ஒரு மெகாஹெர்ட்ஸில் கடத்தலால் செல்லும் மின்னோட்டமும் மின்தேக்கியில் செல்வதுபோல இடப்பெயர்ச்சியால் செல்லும் மின்னோட்டமும் சமமாகிவிடுகின்றன. அத்தகைய மண்ணை வெறும் தடை என்று சொல்வதே பிழை.

மண் மின்பாதையைப் பாதிக்கும் வேறு வழிகளும் உண்டு; சுருக்கமாகவே சொல்கிறேன். கம்பியின் வழியே ஓடும் மின்னெழுச்சிக்குத் துணையாக மண்ணுக்குள்ளும் ஒரு திரும்பு மின்னோட்டம் ஓடுகிறது. அமெரிக்காவில் ஜான் கார்சனும் ஜெர்மனியில் பொல்லாசெக்கும் 1926-இல், தனித்தனியே, இதன் கணிதத்தை வகுத்தார்கள். 100 ஓம்-மீட்டர் மண்ணில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் 700 மீட்டர் ஆழம் வரை பரவுகிறது; ஒரு மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டமோ ஐந்து மீட்டருக்குமேல் இறங்குவதில்லை. மேல்மண்ணிலேயே நெருங்கி ஓடவேண்டியிருப்பதால், விரைந்த அலைகள் அங்கே சக்தியை இழந்து, செல்லச் செல்ல முனை மழுங்குகின்றன. துணைமின் நிலையத்துக்கு இது நன்மைதான். தூரத்தில் விழுந்த மின்னலின் எழுச்சி அங்கே வந்து சேரும்போது அதன் கூர்மை குறைந்திருக்கும். உச்ச மின்னழுத்தம் மிகப் பெரிதாக இருக்கும்போது, கம்பியைச் சுற்றி எழும் கொரோனா ஒளிர்வே இந்த மழுங்கலில் பெரும்பங்கு வகிக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தாழ்ந்த மின்பாதைகளுக்கு, அதாவது ஊருக்குள் வரும் 11 கிலோவோல்ட், 22 கிலோவோல்ட் பாதைகளுக்கு, பழைய அமெரிக்கப் பொறியாளர்கள் அஞ்சிய தூண்டல் இன்னும் மெய்யான ஆபத்து. ஸ்வீடனைச் சேர்ந்த ரஸ்க் 1958-இல் தந்த சூத்திரத்தின்படி, பத்து மீட்டர் உயரக் கம்பியிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி 30 கிலோஆம்பியர் மின்னல் விழுந்தால், கம்பியில் ஏறத்தாழ 230 கிலோவோல்ட் தூண்டப்படும். ரஸ்க் பூமியைக் குறையற்ற கடத்தியாகக் கொண்டார். தடையுள்ள பூமியில் கிடையான மின்புலம் ஒன்று கூடுதலாகப் பிறந்து, தூண்டலைப் பல வேளைகளில் மேலும் உயர்த்திவிடுகிறது. அந்தக் கிடைப்புலத்தைக் கணக்கிட இன்று உலகெங்கும் வழங்கும் சூத்திரம் கூரே-ரூபின்ஸ்டைன் சூத்திரம். அதன் முதற்பெயருக்கு உரியவர் இலங்கையில் பிறந்து, ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மின்னல் ஆராய்ச்சியில் தலைநின்ற வெர்னன் கூரே.

கடைசியாக, மண்ணை எதனாலும் திருத்த முடியாத இடங்களைப் பற்றி. சில மலை முகடுகளில் கம்பி புதைக்க மண்ணே இருக்காது. அங்கே இன்சுலேட்டர் சரத்துக்கு இணையாகத் துத்தநாக ஆக்சைடு அரெஸ்டரைத் தொங்கவிடுவதே இன்றைய வழக்கம். கோபுரத்தின் மின்னழுத்தம் எல்லை மீறும்போது அரெஸ்டர் மின்னலின் ஒரு பங்கை மின்சாரக் கம்பிக்கே ஒப்படைத்துவிட்டு, மின்னல் போனதும் மூடிக்கொள்கிறது. பொறி தாவுவதில்லை, பிரேக்கரும் திறப்பதில்லை. ஆனால் இந்தப் பரிகாரத்தை எங்கே நிறுத்துவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. பாறைப் பகுதியின் கடைசிக் கோபுரத்தோடு அரெஸ்டர்களை நிறுத்திவிட்டால், அங்கே கம்பிக்குள் புகுந்த மின்னழுத்தம் கம்பியின் வழியே அடுத்த கோபுரத்துக்கு ஓடுகிறது. அந்தக் கோபுரம் நல்ல மண்ணில் நிற்கிறது. அதன் அடித்தளத் தடை ஐந்தோ எட்டோ ஓம். ஆகவே அதன் கைகள் மின்னழுத்தம் ஏறாமல் தாழ்ந்தே இருக்கின்றன. உயர்ந்துவரும் கம்பிக்கும் தாழ்ந்து நிற்கும் கைக்கும் இடையே உள்ள முழு வேற்றுமையும் அந்தக் கோபுரத்தின் பீங்கான் தட்டுகளின்மேல் விழ, மின்னல் விழாத, மண்ணும் குறையில்லாத அந்தக் கோபுரத்திலேயே பொறி தாவிவிடுகிறது. ஆகவே தேர்ந்த வடிவமைப்பாளர்கள் அரெஸ்டர் வரிசையைப் பாறையின் எல்லையோடு முடிப்பதில்லை. நல்ல மண்ணில் நிற்கும் கோபுரங்கள் ஒன்றிரண்டு வரைக்கும் நீட்டுகிறார்கள். அந்த எல்லை எந்தக் கோபுரத்தில் விழுகிறது என்று அறிவதற்கு, ஒவ்வொரு கோபுரத்தின் காலடியையும் தனித்தனியே அளந்தாக வேண்டும். அளக்கும்போது எர்த் கம்பியைக் கழற்றிவிட வேண்டும், அல்லது 25 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் அளவியைப் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் சாதாரண மெக்கருக்கு எர்த் கம்பியின் வழியே அண்டைக் கோபுரங்களின் மண் எல்லாம் சேர்ந்தே தென்படும்.